பாலசுந்தரம் வீட்டுப் பரணில் இருந்தவை

வாலிகண்டபுரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த பாலசுந்தரம், தன் வீட்டுப் பரணில் அணில்கள் புகுந்த இரண்டாவது வாரத்திலிருந்து, அந்த அணில்கள் வெளியே பார்ப்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். இது நடந்தது 2022ஆம் வருடம் மாசி மாதம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், மக்காச்சோளம் அடிக்கிற மெஷினை டிராக்டரில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு களத்துமேட்டில் வலப்பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போய்விட்டது. பேச்சு திரும்பிய அன்று அவர் சொன்ன முதல் வாக்கியம், "முருங்கையில பூ வச்சிருக்கு" என்பது. அவருடைய மனைவி பூங்குழலி துலக்கிக்கொண்டிருந்த குண்டானைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "என்னங்க, என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். "மதிலு மேல பூன ஒக்காந்திருக்கு" என்றார். வெளியே போய்ப் பார்த்தாள். பூனை உட்கார்ந்திருந்தது.

அவர் படுத்திருந்த கூடத்துக்கு ஜன்னல் தெருப்பக்கம் ஒன்றுதான். அதிலிருந்து முருங்கையும் தெரியாது, மதிலும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் விஷயம் பிடிபட்டுவிட்டது. காலையில் அணில்கள் உடைந்த ஓட்டின் சந்து வழியாக வெளியே போகும். அந்த நேரத்தில் இவர் பேச ஆரம்பிப்பார். சாயங்காலம் அவை உள்ளே வந்து அடங்கியதும் இவரும் அடங்கிவிடுவார். மாதம் ஒருமுறை வீடு தேடி வருகிற நர்ஸ் இதைக் கேட்டுவிட்டு, தன் நோட்டில் "பேசுகிறார், சம்பந்தமில்லாமல்" என்று எழுதிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

அந்த ஓடு முந்தின கார்த்திகையில் அடித்த காற்றில் உடைந்தது. அரியலூரில் கட்டிக்கொடுத்த மகள் இலக்கியா, "அவரு ஞாயித்துக்கெழம வந்து மாத்திக் குடுப்பாருமா" என்று தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. பூங்குழலிக்கு முழங்கால் வலி, ஏணியில் ஏற முடியாது. ஆக, ஒரு ஓட்டின் அகலத்துக்கு வானம் தெரிந்த அந்த இடத்தில் முதலில் ஒரு ஜோடி அணில் வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பங்குனி முடிவதற்குள் பதினொன்றாகிவிட்டன. பரணில் கிடந்த தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை எடுத்தன. மின்விசிறிக்குப் போகிற ஒயரைக் கடித்தன. சித்திரை வெயிலில் பாலசுந்தரத்துக்கு இரண்டு மணிக்கொரு தரம் ஈரத்துணியால் உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, மிச்ச நேரத்தில் அவள் பனைமட்டை விசிறியால் விசிறினாள். அரிசியில் புழுக்கை கிடந்தது. விடியற்காலையில் தலைக்கு மேல் அவை கத்துகிற கத்தலில், அரைகுறையாகத் தூங்கிய தூக்கமும் போயிற்று. பூங்குழலி சரியாகத் தூங்கி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பக்கத்தில் யாரும் அணிலைக் கொல்லமாட்டார்கள். ராமர் முதுகைத் தடவிக்கொடுத்த பிராணி என்பார்கள். கோழியை யோசிக்காமல் அறுக்கிற கை, அணில் என்றால் தயங்கும். அதனால் துரத்துவது ஒன்றுதான் வழி. அந்துருண்டை போட்டாள். உருண்டைகளை அவை கூடத்தில் உருட்டித் தள்ளின. ஆள் விட்டு ஓட்டுச் சந்தில் தேங்காய் நார் அடைத்தாள். யாரோ சீர் கொண்டுவந்து வைத்ததுபோல் அந்த நாரை எடுத்துக் கூடு கட்டிக்கொண்டன. பக்கத்து வீட்டுச் சாமிதுரை தன் பூனையை ஏணியில் ஏற்றிவிட்டார். பூனை மேலே போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிப் போயிற்று. கடைசியாக மிளகாய் வற்றல் புகை போட்டபோது, பாலசுந்தரம் இருமிக்கொண்டே, "கண்ணு எரியுது, புளியமரத்துக்குப் போயிடலாம்" என்றார். மறுநாள் காலையில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

பிறகு எலிக்கூண்டு வைத்தாள். சுட்ட தேங்காய்ச் சில்லுக்கு எந்த அணிலும் மயங்கும். முதலில் பிடிபட்டதை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டாள். அவள் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அது ஓட்டின் மேல் இருந்தது. அதற்குப் பிறகு, திருட்டுப் பூனையைக் கொண்டுபோய் விடுகிற முறையைக் கடைப்பிடித்தாள். வழி தெரியாமல் இருக்கக் கூண்டைக் கறுப்புத் துணியால் சுற்ற வேண்டும். போகிற வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரே ஊரில் இரண்டை விடக் கூடாது, துணை சேர்ந்தால் தைரியம் வந்து திரும்பிவிடும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் போக்குவரத்துக்குச் சிரமமில்லை. கூண்டைப் பார்த்த ஒரு கண்டக்டர், "உள்ள இருக்கிறது ஆணா பொண்ணாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். பூங்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திரும்பி வரும்வரை சாமிதுரையின் மனைவி பாப்பாத்தி பாலசுந்தரத்துக்குத் துணையாக உட்கார்ந்திருப்பார். "இருட்டா இருக்கு, இருட்டா இருக்கு" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தால் பூங்குழலி இன்னும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். "பெரிய புளியமரம், கீழ ஒரு ஆளு மரத்துல சாமி செதுக்கிக்கிட்டிருக்காரு" என்றால் அரும்பாவூரில் இறக்கிவிட்டாள் என்று பாப்பாத்தி தெரிந்துகொள்வார்.

இப்படி ஒன்றரை வருடத்தில் பத்து அணில்களைப் பத்து ஊர்களில் விட்டாள். அதில் ஒரு விளைவை அவள் எதிர்பார்க்கவில்லை. அணில்கள் ஊரைவிட்டுப் போனால் இவரும் பேசாமல் இருப்பார் என்று நினைத்திருந்தாள். நேர்மாறாக, மாவட்டம் பூராவும் நடப்பதை இவர் கூடத்தில் படுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பூலாம்பாடியில் மழை தூறுகிறது. வேப்பந்தட்டையில் கல்யாண ஊர்வலம் போகிறது. அரும்பாவூர் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. காலையில் பத்துப் பேராவது அந்த வீட்டுக்கு வந்து, அணிலை ஏறவிட்ட நாய் மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெங்காயம் காயப்போட்டவர்கள் மழையைப் பற்றிக் கேட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் வீட்டு வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் வராது, அணில் எதைப் பார்க்கிறதோ அதுதான் வரும். ஆனாலும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பூங்குழலி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சிலருக்கு டீ போட வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, நாம் சொல்லலாம். நாலு வருடம் மலம் மூத்திரம் அள்ளிப் போட்டவளைப் பற்றி, வாய் ஓயாமல் பேசிய அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பூலாம்பாடியில் எவளோ துணி காயப்போட்டதைச் சொன்னார். வேப்பந்தட்டையில் ஒரு கிழவர் பீடி பற்றவைத்ததைச் சொன்னார். நல்ல உடம்போடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். தை மாதம் மெஷினோடு கிளம்பினால் பங்குனியில் வருவார். வந்தால் எந்தக் களத்தில் எத்தனை மூட்டை விளைந்தது என்று பேசுவாரே தவிர, நீ எப்படி இருந்தாய் என்று கேட்டதில்லை. ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, "இத்தன கண்ணு இருக்கே, ஒண்ணாவது என்னைப் பாத்துச்சா?" என்று கேட்டேவிட்டாள். "கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு" என்றார் பாலசுந்தரம். எந்த ஊர்க் கிணறோ. பூங்குழலி வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

அணிலின் ஆயுசு எவ்வளவு என்று அந்த ஊரில் யாரும் அதுவரை யோசித்ததில்லை. 2024 கோடையில் முதலில் வேப்பந்தட்டை நின்றது. "மேல வல்லூறு" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொன்றாக ஊர்கள் குறைந்தன. ஆடியில் பூலாம்பாடி, ஐப்பசியில் அரும்பாவூர். கூட்டமும் குறைந்தது. வெங்காயம் காயப்போடுகிறவர்கள் பழையபடி வானத்தைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஆனி மாதம் பிறந்தபோது மிச்சம் இருந்தது, கூண்டுக்குச் சிக்காமல் பரணிலேயே இருந்த பதினோராவது ஒன்றுதான். பாலசுந்தரம் ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம் பேசினார், அதுவும் முருங்கையைப் பற்றி.

இதற்கிடையில் இலக்கியா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடுவது. பெரம்பலூரில் மணிவண்ணன் என்ற கொத்தனாரைப் பேசி, ஆவணி முதல் திங்கள் வேலை ஆரம்பிப்பது என்று தேதியும் குறித்துவிட்டாள். "யம்மா, இந்த மழையும் அப்பா மேலதான் ஒழுவப்போவுது. அந்த ஒத்த அணில எங்கயாவது விட்டுட்டு வாயேன்" என்றாள். பூங்குழலி மறுக்கவில்லை. போன ஐப்பசியில் மூன்று நாள், கட்டிலை அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக ஒற்றை ஆளாக இழுத்தவள் அவள். தேங்காய்ச் சில்லுக்கு மசியாத அந்த அணில், ஆடிக் கடைசி வெள்ளியன்று என்னவோ பசியில் வேர்க்கடலைக்கு மசிந்தது. கூண்டைக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு அரியலூருக்குப் போனாள். தன் மகள் வீட்டையும் தாண்டி, சுண்ணாம்புக் கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட ஒரு குழியின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் கூண்டைத் திறந்தாள். அணில் உடனே ஓடவில்லை. கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஓடியது.

அவள் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். இனி அவர் பேசமாட்டார். இன்னும் கொஞ்ச நாளில் மூச்சும் நின்றுபோனால் நல்லது என்று நினைத்தாள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தாள். அரைமணி நேரம் யாருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நன்றாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது தூங்கி, ஸ்டாப்பைத் தாண்டிப் போய், நடந்து வந்தாள்.

வாசலிலேயே பாப்பாத்தி நின்றார். "ஏம்மா, அவரு பசிக்குதுங்குறாரு. கஞ்சி குடுத்தேன், குடிச்சாரு. அப்பவும் பசிக்குதுங்குறாரு." பூங்குழலி இன்னொரு கிண்ணம் கரைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "பசிக்குது" என்றார். பிறகு, "இருட்டா இருக்கு" என்றார். கூண்டு காலியாக அவள் கையில் இருந்தது, கறுப்புத் துணி அவள் தோளில் கிடந்தது. யார் எதைச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள் என்று புரியவில்லை. "பசிக்குது. இருட்டா இருக்கு. குளுருது." ஆடி மாத வெயிலில் ஓடு கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. "யாரும் இல்ல" என்றார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடமாக ஏறாத ஏணியில், முழங்கால் இரண்டும் அலற அலற ஏறினாள். பரணின் மூலையில், பாலசுந்தரத்தின் பழைய காக்கிச் சட்டை ஒன்று தேங்காய் நாரும் தலையணைப் பஞ்சும் அடைத்துக் கிடந்தது. அதன் பைக்குள் மூன்று குட்டிகள், சுண்டுவிரல் அளவு, மயிர் முளைக்காமல், கண் திறக்காமல் இருந்தன. தாய் ஏன் கூண்டுக்கு மசிந்தது என்று அவளுக்குப் புரிந்தது. பால் கொடுக்கிற உடம்புக்குப் பசி எடுக்கும். அணிலைக் கொன்றால் பாவம் என்று ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போய் விட்டவள், பிள்ளை பெற்றவளைப் பிரித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டாள். இறங்கும்போது ஏணியில் பாதியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

தாயைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று இலக்கியாவுக்குப் போன் செய்தாள். இலக்கியா முதலில் திட்டிவிட்டு, அப்புறம் தேங்காய்ச் சில்லோடு அந்தக் குழிப்பக்கம் போய்ப் பார்த்தாள். வேப்பமரத்தில் ஒன்றும் இல்லை. கூடத்தில் பாலசுந்தரம் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டிருந்தார். "பசிக்குது" என்பார். உடனே, "எல்லாப் பக்கமும் ரோடு. வூட்டுக்கு வழி தெரியல" என்பார். சனிக்கிழமை முழுவதும் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில், "அந்தாண்ட மரம் தெரியுது. லாரி வருது" என்றார். அதற்குப் பிறகு அரியலூரிலிருந்து எதுவும் வரவில்லை. பூங்குழலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். பாப்பாத்தி கேட்டதற்கு, புகை என்று சொன்னாள்.

திங்கட்கிழமை மணிவண்ணன் ஆட்களோடு வந்து இறங்கினார். குட்டி கண்ணைத் திறக்கட்டும் என்று பூங்குழலி சொன்னாள். கருவுற்றதையும் குட்டி போட்டதையும் கலைத்துவிட்டுக் கட்டிய வீடு விளங்காது என்று மணிவண்ணனுக்கும் தெரியும். அவர் இலக்கியாவின் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, அளவு மட்டும் எடுத்துவிட்டுப் போனார். குட்டிகளைப் பார்த்த வெள்ளிக்கிழமையிலிருந்தே பூங்குழலியின் வேலை இரட்டிப்பாகியிருந்தது. ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாக்கி, பஞ்சுத் திரியில் நனைத்து, இரண்டு மணிக்கொரு தரம் ஏணி ஏறி மூன்று வாய்க்குப் புகட்ட வேண்டும். இறங்கிவந்து நாலாவது வாய்க்குக் கஞ்சி. குட்டிகளின் வயிறு நிறைந்தால் பாலசுந்தரம் ஏப்பம் விடுவார். கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று சாமிதுரை சொன்னார். "ஒங்க பூன எங்க போவும்?" என்று பூங்குழலி கேட்டாள். அவளுடைய கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஏணியின் எட்டுப் படியில் மூன்றாவது படியில் ஒருமுறை, ஆறாவது படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். ஒருமுறை திரியைக் கையில் பிடித்தபடியே பரணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். கீழேயிருந்து "பசிக்குது" என்று குரல் வந்தது, எழுந்துகொண்டாள்.

பதினாறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஓட்டுச் சந்தின் வழியாக வந்த வெயிலில் அவள் குனிந்து பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, முதல் குட்டி கண்ணைத் திறந்தது. அடுத்தடுத்து மற்ற இரண்டும் திறந்தன. ஆறு கண்களும் உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தை. கீழே கூடத்தில் பாலசுந்தரம், "பூங்குழலி" என்றார்.

அவள் அசையவில்லை. யாரோ வாசலில் வந்து தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்.

"பூங்குழலி இருக்கா" என்றார் மறுபடியும். "மொகமெல்லாம் ஒட்டட. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்கு. முடி நரச்சிடுச்சு. எளச்சுப் போயிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "அழுவுறா" என்றார். "எதுக்குன்னு தெரியல."

அதன் பிறகு அவர் வேறு எதையும் பேசவில்லை. தாய் இல்லாத குட்டிகளுக்கு, வெளியே போய் இரை தேட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வளர்ந்த பிறகும் அவை பரணின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, பால்காரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பூங்குழலி அரிசி களைகிறாள். பூங்குழலி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பூங்குழலிக்கு இருமல். பூங்குழலி மத்தியானம் சாப்பிடவில்லை, தட்டு அப்படியே இருக்கிறது. இதைக் கேட்டு ஒருநாள் பாப்பாத்தி தன் வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்தார். மழை எங்கே என்று விசாரிக்க வந்த ஒன்றிரண்டு பேர், இந்த ஆளுக்குத் தன் பெண்டாட்டியைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று அலுத்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். பூங்குழலியும் முதல் சில நாள் கூச்சப்பட்டாள். குளிக்கப் போனால், "குளிக்கப் போறா" என்று தெருவுக்கே கேட்கும். "சும்மா கெடங்க, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு" என்று அதட்டுவாள். "திட்டுறா" என்பார். அவள் சிரித்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் வேலையை முடித்தாக வேண்டும் என்று இலக்கியா நெருக்கியதில், மணிவண்ணன் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வந்தார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் கட்டிலுக்குக் கீழே, வெறுந்தரையில், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு பூங்குழலி சுவரில் சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பரணின் விளிம்பில் மூன்று அணில்கள் தலையைக் கீழே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மணிவண்ணன் செருமினார். கட்டிலிலிருந்து பாலசுந்தரம், கண்ணைத் திறக்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பூங்குழலி தூங்குறா. சத்தம் போடாதீங்க."

மணிவண்ணன் டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வெறுங்காலில் நடந்தார். அங்கிருந்து இலக்கியாவுக்குப் போன் செய்து, கான்கிரீட் வேண்டாம், புது ஓடே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், கட்டிலில் ஒழுகாதபடி பின்பக்கம் ஒரு ஓடு மட்டும் போடமாட்டேன் என்று சொன்னார். ஏன் என்று கேட்டவளுக்குக் காரணத்தையும் சொன்னார். இலக்கியா சரி என்றாள்.

பூங்குழலி அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தூங்கினாள்.